பிளோறன்ஸின் அரைப்பக்கம்

பிளோறன்ஸின் முப்பத்தோராம் நாள் பூசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கையில் பேனாட் தொலைபேசியில் வந்து, பக்கம் நிரம்பவில்லை என்றான்.

"முன்பக்கத்தில படம், அக்கா. மூண்டாம் பக்கத்தில செபம். கடைசிப் பக்கத்தில நன்றி. எல்லாம் சரி. இந்த ரெண்டாம் பக்கம்தான் அரைவாசி வெள்ளையாக் கிடக்கு."

"நான் எழுதித் தந்ததைப் போட்டனீரோ?" என்று மக்டலீன் கேட்டாள்.

"போட்டன். பன்ரெண்டு வரி வந்திது. எழுத்தைப் பெருப்பிச்சுப் பாத்தன், பாலர் வகுப்புப் புத்தகம் மாதிரிக் கிடக்கு. அந்தோனியார் படம் ஒண்டு போட்டு விடட்டோ?"

"அவ அந்தோனியாரிட்டைப் போறேல்லை."

"அப்ப லூர்து மாதா?"

ஜெர்மனியின் ஹம் நகரத்துத் தமிழ்க் கத்தோலிக்கருள் யார் செத்தாலும் நினைவுப் பிரசுரம் பேனாட்டின் கணினியில்தான் தட்டப்படும். அவன் தமிழ்ப் பூசைக் குழுவின் செயலாளர். பகலில் தொழிற்சாலையில் குளிர்பெட்டிக் கதவுகளுக்கு ரப்பர் பூட்டுவான். மாலையில் ஊராரின் கலியாணமும் சாவும் அவன் விரல்களால் போகும். நல்ல பிள்ளை. ஆனால் வெற்றிடத்தைக் கண்டால் அவனுக்குப் பொறுக்காது.

யாழ்ப்பாணத்தாரின் மரணக் குறிப்புக்கென்று ஒரு நடை உண்டு. அன்னார் இன்னாரின் அன்பு மகளும் என்று தொடங்கினால், இன்னாரின் பாசமிகு மனைவியும், இன்னாரின் ஆருயிர்த் தாயும், இன்னாரின் மாமியும், இன்னாரின் அம்மம்மாவும் என்று உம்முக்கு மேல் உம் அடுக்கிக்கொண்டு போகும். செத்தவர் எவ்வளவு பெரிய ஆள் என்பதை உம்மை எண்ணிச் சொல்லிவிடலாம். பிளோறன்ஸுக்கு இரண்டு உம்தான் வந்தன. காலஞ்சென்ற பெற்றோரின் அன்பு மகளும், ரொறன்ரோவில் இருக்கும் பென்ஜமினின் அன்புச் சகோதரியும். அதோடு முற்றுப்புள்ளி.

"ஏதும் பதவி, அக்கா? மரியாயின் சேனை, பாடகர் குழு, பழைய மாணவர் சங்கம், ஒண்டிலயும் இல்லையோ?"

"யோசிச்சுச் சொல்லுறன்" என்று மக்டலீன் வைத்துவிட்டாள்.

யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை. பிளோறன்ஸ் ஒரு சங்கத்தை ஆரம்பித்து வைத்த ஏழு பேரில் ஒருத்தி. முறையாகப் பதிவு செய்யப்பட்ட, முத்திரை குத்தப்பட்ட ஜெர்மன் சங்கம். அதை ஹம்மில் இருந்த தமிழருள் மக்டலீனைத் தவிர ஒருவரும் அறியார். அது உடுப்பில்லாமல் வெயில் காய்பவர்களின் சங்கம்.

*

எண்பத்தைந்தில் அகதி விடுதியில் இருவருக்கும் ஒரே அறை விழுந்தது. ஒரு மின் அடுப்பு, மூன்று கட்டில், மூன்றாவதில் ஒரு எரித்திரியாப் பெண். மக்டலீனின் கணவர் செல்வரட்ணம் மகனையும் கூட்டிக்கொண்டு வந்து சேர மூன்று வருடம் பிடித்தது. அந்த மூன்று வருடமும் அவள் அழுதால் பக்கத்துக் கட்டிலில் இருந்து ஒரு கை நீண்டு வரும். நீளக்கைச் சட்டை போட்ட கை.

ஒரே அறையில் இருந்தும் பிளோறன்ஸ் உடுப்பு மாற்றி மக்டலீன் கண்டதில்லை. குளியலறைக்குப் போய், மாற்றி, கழுத்துவரை பொத்தான் பூட்டிக்கொண்டு வருவாள். எட்டு மாதம் கழித்துத்தான் காரணத்தைச் சொன்னாள். பத்தொன்பது வயதில் முழங்கையில் ஒரு வெள்ளைப் பொட்டு வந்தது. பிறகு தோளில், முதுகில், வயிற்றில். முகத்தையும் கைவிரல்களையும் மட்டும் அது விட்டுவைத்தது. ஊரில், இளவாலையில், மூன்று இடத்தில் கலியாணம் பேசினார்கள். மூன்று இடத்திலும் யாரோ போய் வெண்குட்டம் என்று சொன்னார்கள். அது தொற்றாது, நோயும் இல்லை என்று பெரியாஸ்பத்திரி டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார். துண்டைக் காட்டினால் இருக்கிறது என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் அதைக் காட்டவும் முடியவில்லை.

ஜெர்மனியில் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலை கிடைத்தது. ஆடி ஆவணியில் அங்கே இஸ்திரி உருளைகளுக்குப் பக்கத்தில் நின்றால் உள்ளே போட்ட சட்டையைப் பிழியலாம். பிளோறன்ஸ் அங்கேயும் நீளக்கைதான். அவளோடு படுக்கை விரிப்பு மடித்தவள் ஹைட்ரூன் என்ற ஜெர்மன்காரி. வயதும் ஏறக்குறைய ஒன்று. அவள்தான் ஒருநாள் விரிப்பின் மற்ற நுனியில் நின்று கேட்டாள்: சனிக்கிழமை பின்னேரம் நேரம் இருக்கிறதா? ஒரு சங்கம் தொடங்குகிறோம். பதிவதற்குச் சட்டப்படி ஏழு பேர் வேண்டும். ஏழாவது ஆளுக்கு முதுகு பிடித்துக்கொண்டது.

"என்ன சங்கம்?" என்று பிளோறன்ஸ் கேட்டிருக்கிறாள்.

"வெளிச்சமும் காற்றும்."

அந்த இரண்டு சொல்லும் பிளோறன்ஸின் நெஞ்சில் நேரே போய் இறங்கின. காரணம் இருந்தது. அப்போது அவள் குடியிருந்தது நிலத்துக்குக் கீழே அரைவாசி புதைந்த ஓர் அறை. யன்னலால் பார்த்தால் போகிறவர்களின் கணுக்கால் தெரியும். சுவர் முழுக்கப் பூஞ்சணம். முந்தின நாள்தான் வீட்டுக்காரன் கடிதம் போட்டிருந்தான். நீ யன்னலைத் திறந்து காற்று விடுவதில்லை, பூஞ்சணம் உன் பிழை, சுவருக்கு நீயே பூச்சுப் பூசு என்று. ஆக, இப்படி அகப்பட்டவர்கள் சேர்ந்து வீட்டுக்காரருக்கு எதிராகத் தொடங்கும் சங்கம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள். வேறு எதையும் கேட்கவில்லை. அகதியாக வந்தவர்கள் காட்டிய இடத்தில் கையெழுத்து வைத்துப் பழகியவர்கள்.

இதெல்லாம் பிளோறன்ஸ் பிறகு மக்டலீனின் சமையலறையில் இருந்து சொன்னது.

"நான் சும்மா போகேல்லை, மக்டலீன். சுவரைப் படமெடுத்துக் கழுவி, பதினாறு படம் கொண்டு போனன்."

"ஆரிட்டைக் காட்ட?"

"கூட்டத்திலதான். ஒரு பியர்க்கடையின்ர பின் அறை. எல்லாரும் நல்ல மரியாதையான சனம், கழுத்தில ரை கட்டின ஆக்களும் இருந்தினம். ஆளாளுக்கு ரெண்டு வசனம் பேசிச்சினம். என்ர முறை வந்திது. எழும்பி, படத்தைக் கையில குடுத்து, எனக்குத் தெரிஞ்ச டொச்சுப் பாசையில சொன்னன். மனுசருக்கு வெளிச்சம் வேணும், காத்து வேணும், எனக்கு ரெண்டும் இல்லை. நான் ஆறு வருசமா மூடின பெட்டிக்குள்ளை இருக்கிறன் எண்டன்."

"பிறகு?"

"கை தட்டிச்சினம். ஒரு மனுசி அழுதா. படத்தை மட்டும் ஒருத்தரும் விளங்கிக்கொள்ளேல்லை. ஒரு கிழவன் தலைகீழாப் பிடிச்சுப் பாத்தார்."

அவள் சொன்னதைக் கூட்டக் குறிப்பில் எழுதினார்கள். ஏழாவதாக அவள் கையெழுத்து வைத்தாள். தொண்ணூற்றோராம் ஆண்டு மார்ச் மாதம்.

தலைகீழாகப் பார்த்த கிழவர் ஓய்வுபெற்ற குழாய் வேலைக்காரர். படத்தை நேராகத் திருப்பிப் பார்த்த பிறகு, இது வெளிச்சுவரில் தண்ணீர் இறங்கும் கேடு, யன்னலுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று வீட்டுக்காரனுக்கு இரண்டு பக்கம் எழுதிப் போட்டார். கோடை பிறப்பதற்குள் பிளோறன்ஸுக்கு இரண்டாம் மாடியில், தெற்குப் பார்த்த வீடு வந்துவிட்டது. ஆகவே சங்கத்தைப் பற்றி அவளுக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

*

மே மாதம் திறப்பு விழா. லிப்பே ஆற்றுக்கு அப்பால், மணல் தோண்டிய பழைய கிடங்கு ஒன்று குளமாகிக் கிடந்த இடத்தில் ஒரு துண்டுக் காணி எடுத்திருந்தார்கள். ஸ்தாபக உறுப்பினர் வெறுங்கையோடு போகலாமா? பிளோறன்ஸ் மாம்பழ நிறச் சீலை உடுத்து, நாற்பது மீன் ரோல்ஸ் பொரித்து எடுத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

"கேற்றைத் திறந்தன், மக்டலீன். ஹைட்ரூன் ஓடி வாறா. நான் முதல்ல காலைத்தான் பாத்தன். ரப்பர்ச் சப்பாத்து போட்டிருந்தவ. பிறகு கண்ணை மேல கொண்டு போனன். உடன திருப்பிச் சப்பாத்துக்கே கொண்டு வந்திட்டன்."

மக்டலீன் மேசையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். வயிறு நொந்தது.

"ஐயோ மாதாவே! எல்லாருமோ?"

"எல்லாரும். ரை கட்டின ஆளும். ரோல்ஸை நீட்டினன், சாப்பிட்டதுகள். எண்ணெய் நெஞ்சில வடியுது, துடைக்க ஒரு முந்தானை இல்லை, பாவங்கள்."

"சீ! நீர் உடன திரும்பி வரேல்லையோ?"

"பஸ் நாலரைக்குத்தானே."

மக்டலீன் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அப்படி அவர்கள் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. அந்தச் சிரிப்பின் மேலேயே பிளோறன்ஸ் சொன்னாள்:

"வாற சனியும் போறன்."

"என்னத்துக்கு?"

"நடைபாதைப் பக்கம் ஒரு மாதத்துக்குள்ளை மறைக்காட்டில் நகரசபை பூட்டிப்போடுமாம். அதுகள் வலையைக் கட்டிப்போட்டு வேலியெண்டு நிக்குதுகள். காத்தடிச்சால் கொடி மாதிரிப் பறக்குது. நாணல் பாய் வாங்கச் சொல்லியிருக்கிறன். இஞ்சத்தை ஆக்களுக்குக் குறுக்கால மூண்டு வரிச்சுத் தடி பிடிச்சுக் கட்டத் தெரியாது."

"யாழ்ப்பாணத்தாள் எங்க போனாலும் வேலிதான். ஊரில அரையடிக்கு வழக்குப் பேசினது காணாதெண்டு, இஞ்சை அம்மணக்காரருக்கும் வேலியோ?"

"அம்மணக்காரருக்குத்தானே வேலி வேணும். உடுப்புப் போட்டவைக்கு என்னத்துக்கு?"

அதற்கும் சிரித்தார்கள். ஆனால் மக்டலீனின் சிரிப்பு கொஞ்சம் முந்தி முடிந்தது.

அந்தக் கோடை முழுக்கப் பிளோறன்ஸ் வேலி கட்டினாள். நீளக்கைச் சட்டை, நீளப் பாவாடை, தலையில் தொப்பி. சுற்றிவர எல்லோரும் பிறந்தமேனிக்கு நின்று பாயைப் பிடித்துக் கொடுக்க, அவள் மட்டும் கழுத்துவரை மூடிக்கொண்டு கம்பியை முறுக்கினாள். அந்தக் கதைகளை மக்டலீன் கேட்டாள். கேட்டுவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறதா என்று பார்ப்பாள்.

அடுத்த வருடம் ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை பின்னேரம், பிளோறன்ஸ் நேரே குளத்திலிருந்து வந்திருந்தாள். தேத்தண்ணிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லச் சொன்னாள்:

"இண்டைக்குக் கையை வெளியில எடுத்தன்."

மக்டலீனுக்கு முதலில் விளங்கவில்லை.

"முழங்கைக்கு மேல மட்டும் மடிச்சு விட்டன். வெயில் பட்டிது. இருபத்திரண்டு வருசம், மக்டலீன். ஒருத்தரும் பாக்கேல்லை. பாத்துப்போட்டுப் பாக்காத மாதிரி இருக்கிறது எனக்குத் தெரியும். இது அப்பிடியில்லை. உண்மையா ஒருத்தரும் பாக்கேல்லை."

மக்டலீன் திரும்பிக் கதவைப் பார்த்தாள்.

"நீரும் ஒருநாள் வாருமன். உள்ளை வரத் தேவையில்லை. வேலிக்கு வெளியில இருக்க ஒரு வாங்கு போட்டிருக்கு."

அந்த மாதம் மக்டலீனின் மகனுக்குக் கோயிலில் முதல்நன்மை. நூற்றிருபது பேருக்கு அழைப்பு. பூசைக்கு வரும் பெண்கள் ஒரு சங்கிலி மாதிரி, ஒருத்தியிடம் சொன்னது மற்ற நுனியில் போய் முட்டித் திரும்பி வரும். மக்டலீன் பயந்தவள். கெட்டவள் அல்ல, பயந்தவள்.

"இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேயும்" என்றாள். பிறகு, யாரும் கேட்காமலே, "எனக்கும் இனிச் சொல்லாதேயும்" என்றாள்.

பிளோறன்ஸ் அவளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். "சரி" என்றாள். எழும்பித் தன் கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனாள்.

கோபிக்கவில்லை. அதுதான் பொல்லாதது. அடுத்த மாதப் பூசையில் வழக்கம்போலப் பக்கத்தில் வந்து இருந்தாள். பெருநாளுக்குப் பலகாரம் கொண்டு வந்தாள். காலநிலை கதைத்தாள், மகனின் படிப்பு கதைத்தாள், மரக்கறி விலை கதைத்தாள். சொல்லாதே என்றதை ஐந்து வருடம் சொல்லாமலே இருந்தாள். யாராவது, "உம்மட சிநேகிதி சனிக்கிழமையில எங்க போறவ?" என்று கேட்டால், மக்டலீன் "எனக்கென்ன தெரியும்" என்பாள். முதல் வருடம் அது பொய். போகப் போக உண்மையாகிவிட்டது.

*

பேனாட்டின் அழைப்புக்குப் பிறகு மக்டலீன் அந்தப் பன்னிரண்டு வரியையும் இன்னொரு தாளில் எழுதிப் பார்த்தாள். பிறந்த இடம், படித்த பள்ளிக்கூடம், வந்த ஆண்டு, வேலை, இறந்த நாள். தொண்ணூற்றிரண்டுக்குப் பிறகு எழுத அவளிடம் ஒன்றும் இருக்கவில்லை. பக்கத்தை வெள்ளையாக விட்டது பிளோறன்ஸ் அல்ல.

செல்வரட்ணம் கேபிள் தொழிற்சாலையில் மாறி மாறி முறை வேலை. மகன் ஹனோவரில் ஒரு விடுதிப் பள்ளிக்கூடத்தில் படித்தான். புருசனும் பெண்சாதியும் குளிர்பெட்டிக் கதவில் துண்டு எழுதி ஒட்டித்தான் குடும்பம் நடத்தினார்கள். மக்டலீன் முழு விசயத்தையும் ஒரு தாளில் எழுதி ஒட்டினாள். வேலையால் வந்து பார்த்தபோது கீழே அவருடைய எழுத்து: 'அவ நல்ல மனுசி. எழுதும். என்ர பேரைப் போடாதேயும். மீன் கழுவி வைச்சிருக்கு.'

சேமக்காலையில் அடக்கத்தின்போது பின்வரிசையில் கறுப்புக் கோட்டோடு நின்ற ஹைட்ரூன், தன் தொலைபேசி இலக்கத்தை மக்டலீனின் கைக்குள் வைத்திருந்தாள். மக்டலீன் அந்த இலக்கத்துக்கு எடுத்தாள். சமையலறையில் இருந்து கதைக்கலாம் என்று நினைத்தாள். ஹைட்ரூன், "வந்து பாருங்கள். மார்ச் மாதக் குளிர், பயப்பட வேண்டாம், எல்லோரும் உடுத்துத்தான் நிற்போம்" என்றாள்.

காணியில் ஹைட்ரூனைத் தவிர ஒருவரும் இல்லை. கம்பளித் தொப்பி, தடித்த கோட்டு, அதே ரப்பர்ச் சப்பாத்தாக இருக்கும். குளம் ஈயம்போலக் கிடந்தது. நடைபாதை ஓரமாக, ஆள் உயரத்துக்கு மேல், வேலி போனது. மக்டலீன் அதன் வழியே நடந்தாள். மூன்று வரிச்சு, பிடிக்குப் பிடி ஒரே அளவு. ஒரு இடத்திலும் கண் போகவில்லை.

"வேலிப் பொறுப்பாளர்" என்றாள் ஹைட்ரூன். "ஒவ்வொரு வருடமும் வாக்கெடுப்பில் அவள்தான். எதிர்த்து நிற்க ஆளில்லை. மற்றவர்கள் கட்டியதை அவிழ்த்துவிட்டுத் திரும்பக் கட்டுவாள். எங்கள் எல்லோருக்கும் அவளிடம் பயம்."

சின்ன மரவீட்டுக்குள் கோப்பி ஊற்றித் தந்தாள். மக்டலீன் வந்ததிலிருந்து நாக்கில் வைத்திருந்த கேள்வியைக் கேட்டாள்.

"அவ... உங்களைப்போல... உடுப்பில்லாமல்?"

ஹைட்ரூன் நெற்றியைச் சுருக்கி உண்மையாகவே யோசித்தாள். "ஓம். ஆனால் எப்போது தொடங்கினாள் என்று எனக்கு நினைவில்லை. ஒரு வருடம் உடுத்திருந்தாள். பிறகு ஒரு வருடம் இல்லை. நாங்கள் அதைக் குறித்து வைப்பதில்லை."

"அவவின்ர தோல்?"

"என்ன தோல்? ஆ, அந்த வெள்ளைத் திட்டுகள். வெயிலில் சீக்கிரம் சிவந்துவிடும். முதுகுக்குக் கை எட்டாது, நான்தான் கிரீம் பூசிவிடுவேன்."

மூன்று கலியாணத்தைக் குழப்பிய விசயம். ஹைட்ரூனுக்கு அது கிரீம் பூசிய ஞாபகமாகத்தான் இருந்தது. மக்டலீன் கோப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே அறையில் மூன்று வருடம் இருந்தும் அந்த முதுகை அவள் கண்டதில்லை.

"படம் ஏதும் இருக்கோ? சிரிச்ச மாதிரி?"

"இங்கே படம் எடுக்க மாட்டோம். விதி." பிறகு ஹைட்ரூன் மேசை லாச்சியில் இருந்து ஒரு கொப்பி எடுத்தாள். "நான்தான் உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். கோடையில் ஒருநாள் விருந்தினரைக் கூட்டி வரலாம். பெயரை முதலே பதிய வேண்டும். பிளோறன்ஸ் வருடா வருடம் பதிவாள். ஒரே பெயர். யாரும் வந்ததில்லை. அப்படி ஒருத்தி உண்மையிலேயே இருக்கிறாளா என்று கேலி செய்வோம்."

கொப்பியைத் திருப்பி வைத்தாள். தொண்ணூற்றிரண்டு ஆனி. தொண்ணூற்றுமூன்று ஆனி. ஐந்து வருடம், ஐந்து வரி, பிளோறன்ஸின் சாய்ந்த எழுத்தில்: மக்டலீன், சிநேகிதி.

"நான்தான்" என்றாள் மக்டலீன்.

*

"அக்கா, வடிவா வந்திட்டுது" என்று பேனாட் அன்று மாலை தொலைபேசியில் குதூகலித்தான். "ஸ்தாபக உறுப்பினர். ஆறு வருசம் வேலிப் பொறுப்பாளர். இப்பதான் பக்கம் பக்கம் மாதிரிக் கிடக்கு. ஏன் முதலே சொல்லேல்லை? அதுசரி, வெளிச்சமும் காற்றும் எண்டால் என்ன சங்கம்? தோட்டக்காரரோ?"

'ஓம்' என்று ஒரு சொல் போதும். பேனாட்டே எடுத்து நீட்டிய பொய். வாயைத் திறந்து வாங்கினால் முடிந்தது.

"இல்லை. உடுப்பில்லாமல் வெயில் காயிற சங்கம்."



"அம்மணமாவோ?"

"ஓம்."

"எங்கட பிளோறன்ஸ் அக்காவோ? அந்த நீட்டுக்கைச் சட்டையோ?"

"ஓம், பேனாட்."

"அக்கா, பூசை வைக்கிற சுவாமி வாசிப்பார்."

"வாசிக்கட்டும்."

"எனக்கென்னவோ அந்தோனியார்தான் நல்லம்போல..." என்று இழுத்தான். பிறகு, "சங்கத்தின்ர பேரை மட்டும் போடுறன். என்னெண்டு விளக்கம் போடேல்லை. ஆரும் கேட்டால் எனக்கு ஒண்டும் தெரியாது. நீங்கள்தான் சொல்லவேணும்" என்றான்.

"நான் சொல்லுறன்."

பூசைக்கு ஹைட்ரூனோடு சேர்த்து ஆறு ஜெர்மன்காரர் வந்திருந்தார்கள். இறுக்கமான கறுப்பு உடுப்பு, ஒருவருக்கு ரையும் இருந்தது. தமிழ்ப் பாட்டுக்கு எப்போது எழும்புவது எப்போது இருப்பது என்று தெரியாமல் மக்டலீனைப் பார்த்துப் பார்த்துச் செய்தார்கள். தான் வழக்கமாக இருக்கும் வாங்கில் மற்றப் பெண்கள் இருக்க, மக்டலீன் அந்த ஆறு பேரோடு இருந்தாள்.

பூசை முடிந்து மண்டபத்தில் தேத்தண்ணி. பாடகர் குழுவின் பிறேமா பிரசுரத்தை விரலால் மடித்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். பின்னால் மூன்று நான்கு பெண்கள். பிறேமாவின் குரல் மண்டபத்தின் மற்றக் கரைக்கும் கேட்கும்.

"மக்டலீன் அக்கா, இதென்ன சங்கம்? பிளோறன்ஸ் அக்கா வாய் திறந்து ஒண்டும் சொல்லேல்லையே. இவையோ அந்த ஆக்கள்?"

பேனாட் கோப்பைகளை அடுக்குவதில் திடீரென்று மும்முரமானான். ஹைட்ரூன் தங்களை விசாரிக்கிறார்கள் என்று நினைத்துப் புன்னகைத்தாள்.

மக்டலீன் சொன்னாள். பேனாட்டுக்குச் சொன்ன அதே சொற்களில், குரலைத் தாழ்த்தாமல் சொன்னாள். வேலியைப் பற்றியும் சொன்னாள். சொல்லச் சொல்ல, தான் நேரில் கண்டது வேலியை மட்டும்தான் என்பது அவளுக்கே கேட்டது.

ஒருத்தி சிலுவை போட்டாள். ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு மற்றவளைப் பார்த்தாள். பிறேமா ஹைட்ரூனை உச்சியில் இருந்து சப்பாத்துவரை ஒருதரம் பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிய வாயோடு கேட்டாள்:

"அப்ப நீங்களும் போறனீங்களாக்கும்?"

"இல்லை" என்றாள் மக்டலீன். "கூப்பிட்டவ. அஞ்சு வருசம் கூப்பிட்டவ. நான் போகேல்லை."

பிறேமா மடித்த பிரசுரத்தை விரித்து அந்தப் பக்கத்தைத் திரும்பப் பார்த்தாள். "ம்" என்றாள். தேத்தண்ணி ஆறுதாம் என்று யாரோ கூப்பிட, பெண்கள் ஒவ்வொருத்தராக அந்தப் பக்கம் நகர்ந்து போனார்கள்.

"என்ன கேட்டார்கள்?" என்றாள் ஹைட்ரூன்.

"பிளோறன்ஸைப் பற்றி."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

மக்டலீன் ஜெர்மனில் சொல்லத் தொடங்கினாள். பாதியில் அதை விட்டுவிட்டு, "வேலிக்கு வெளியில் இருக்கும் வாங்கில் இந்தக் கோடை நான் வந்து இருக்கலாமா?" என்று கேட்டாள்.